ஐந்தாவது வேலை

அத்தியாயம் 17

ஊத்துமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வேனை ஒரு பெண் ஓட்டுகிறாள் என்பது வட்டவளையில் இப்போது யாருக்கும் புதினம் இல்லை. புருஷன் யோகேஸ்வரன் கட்டாருக்கு வேலைக்குப் போன மறு வாரமே ஜீவராணி சாவியைக் கையில் எடுத்தாள். முதல் மாதம் சந்திக்குச் சந்தி நின்று வேடிக்கை பார்த்தவர்கள், இரண்டாம் மாதமே கையைக் காட்டி வேனை நிறுத்தி, "டவுனுக்குத்தானே போறீங்க, வரும்போது ஒரு ரெட்டைக்கோடு கொப்பி வாங்கியாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு அதிசயம் தீர்ந்தது.

ஒருவனுக்கு மட்டும் தீரவில்லை. யோகேஸ்வரனின் பெரியப்பா மகன் செல்லசாமிக்கு. அவனிடம் லைசன்ஸ் இருக்கிறது, ஓட்டுவதற்கு வண்டி இல்லை. "பொம்பளைக்கு எதுக்கு தம்பி இந்த வில்லங்கம்? வேன என்கிட்ட விடு, மாசம் பொறந்தா வாடகை வந்துரும்" என்று கட்டாருக்கு ஓதி ஓதி, போன வாரம் யோகேஸ்வரனைப் பாதி கரைத்தே விட்டான்.

"மொதல்ல சேர்விசுக்குப் போடு. வண்டி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு ஞாயித்துக்கெழம ஒரு முடிவு சொல்றேன்" என்றான் யோகேஸ்வரன். ஜீவராணி போனை வைத்தாள். அங்கேதான் நாம் அவளை விட்டோம்.

இன்று சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு வேன் சேர்விசுக்காக ஹட்டனை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லாத வேனில் ஒரே ஒரு பிரயாணி. மாமனார் பொன்னையா.

அவரை அவள் கூப்பிடவில்லை. அவரே வெள்ளைச் சட்டைக்கு மேல் சுவெட்டரை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெசின்களுக்கு எண்ணெய் போட்டு, முப்பத்தோரு வருடம் அவற்றை ஓடவைத்தவர். மெசினைப் பற்றித் தன்னைக் கேட்காமல் யாரும் முடிவெடுப்பது அவருக்குப் பிடிக்காது. கேட்டு எடுத்தாலும் பாதி நேரம் பிடிக்காது.

"அங்க ஒரு கடுதாசிய நீட்டுவானுங்க, பார்த்துக்க. இதச் செய்யவா, அதச் செய்யவாம்பானுங்க. எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்லிரு" என்றார் பொன்னையா.

"கேட்டுப் பார்ப்போம் மாமா."

"கேட்டாலே புடிச்சுக்குவானுங்க. ஒயில மாத்து, கிரீஸ் அடி, கழுவு. அதுக்கு மேல ஒரு வண்டிக்கு என்ன வேணும்?"

ஜீவராணி சிரித்துக்கொண்டாள். மனிதர் எரிந்து விழுவார், ஆனால் அவளுக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. அவள் முதல் நாள் வேனை எடுத்தபோது, ஏறுவதா வேண்டாமா என்று தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்கள். அப்போது இந்த மனிதர்தான் யாரையும் பார்க்காமல் வந்து முன் சீட்டில் ஏறினார். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். அதை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

சேர்விஸ் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள் ஏஞ்சலா. இருபத்திரண்டு வயதிருக்கும். நிலையத்தின் பெயர் போட்ட தொப்பி, கையில் பலகையில் செருகிய கடுதாசி. பொன்னையா ஜீவராணியைப் பார்த்து, நான் சொன்னேனா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"அக்கா, சேர்விஸ் தனி. இது மேலதிகமா செய்யக்கூடிய வேலைகள். அஞ்சு இருக்கு. விருப்பம்னா மட்டும்தான்" என்றாள் ஏஞ்சலா.

"ஒண்ணொண்ணா சொல்லுங்க தங்கச்சி. ஆனா நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்விதான் கேப்பேன். செய்யாட்டி என்ன ஆகும், எப்ப ஆகும்?"

ஏஞ்சலா பேனாவைக் கீழே வைத்தாள். கவுண்டருக்கு வருகிறவர்கள் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை போலும்.

முதலாவது, என்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது. ஒரு மருந்தை ஊற்றி, ஓடவிட்டு, அழுக்கை எடுத்துவிடுவார்களாம்.

"நாங்க நேரத்துக்கு ஒயில் மாத்துறவங்க. எங்க வண்டில அந்த அழுக்கு இருக்குமா?"

ஏஞ்சலா பின்னால் மனேஜரின் அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஒழுங்கா மாத்தினா பெருசா வித்தியாசம் தெரியாதுக்கா."

"அப்ப வேணாம்."

இரண்டாவது, ஏசியைச் சுத்தப்படுத்தி வாசனை மருந்து அடிப்பது. ஜீவராணி வாயைத் திறக்குமுன் பொன்னையா முந்திக்கொண்டார்.

"வட்டவளை குளிருல ஏசி போட்டுக்கிட்டுப் போற ஆள் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாம்மா, நான் பார்க்கணும்."

ஏஞ்சலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதையும் வெட்டினாள்.

மூன்றாவது, வண்டியின் அடித்தகட்டுக்குக் கறள், துரு பிடிக்காத பூச்சு. இதில் ஜீவராணி யோசித்தாள். வட்டவளையில் மழை எப்போது பெய்யாது என்றுதான் கேட்கவேண்டும். "இன்னிக்கே செய்யாட்டி?"

"இன்னிக்கே ஒண்ணும் ஆகாது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல தகடு அரிக்கும்."

"அப்ப இது வேணும், ஆனா இன்னிக்கில்ல. டிசம்பர் லீவுல கொண்டாறேன். எழுதி வச்சுக்கங்க."

நான்காவது, வீல் அலைன்மெண்ட். இதைக் கேட்டதும் ஜீவராணி நிமிர்ந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளாகவே வண்டி இடது பக்கம் இழுக்கிறது. தோட்டத்து ரோட்டின் பள்ளங்களில் விழுந்து எழும்பும் வண்டிக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"இதச் செய்யுங்க."

"எதுக்கும்மா? வண்டி எங்க இழுக்குது, ரோடுதான் இழுக்குது" என்றார் பொன்னையா.

"இல்ல மாமா. ஸ்டியரிங் புடிக்கிறது நான். எனக்குத் தெரியுது."

அவர் வாயை மூடிக்கொண்டார். முகமும் மூடிக்கொண்டது. சுவெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். வெளியாள் முன்னால் மருமகள் பேச்சைத் தட்டிவிட்டாள் என்று அவருக்குச் சுருக்கென்றது ஜீவராணிக்குப் புரிந்தது.

"அஞ்சாவது, பிரேக் ஒயில் மாத்துறது" என்றாள் ஏஞ்சலா. "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தினா நல்லம்."

பொன்னையா வெளியே பார்த்தபடியே சொன்னார். "அது தளும்பத் தளும்ப இருக்கு. நானே பார்த்து வச்சிருக்கேன்."

ஜீவராணிக்கு ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு காலையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு லைட் எரிந்தது. அவள் பதறினாள். பிள்ளைகளுக்கு நேரமாகிறது. பொன்னையா மூடியைத் திறந்து பார்த்து, "கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு போத்தலோடு வந்து ஊற்றினார். லைட் அணைந்தது. "நல்லவேள நீங்க இருந்தீங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

இப்போது அவள் தன் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும், எப்போது ஆகும்? நான்கு வேலைக்கும் யோசித்துப் பதில் சொன்னவள் ஐந்தாவதுக்குக் கேட்கவில்லை. காரணம் வண்டியில் இல்லை, பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்தில் இருந்தது. ஒரே காலையில் இரண்டு தடவை பெரிய மனிதரை மறுத்துப் பேசுவதா?

"அது வேணாம் தங்கச்சி. மாமா பார்த்திருக்காரு."

பொன்னையாவின் முகம் தெளிந்தது. ஜீவராணிக்கும் மனம் நிறைந்தது. மாமனாரையும் நோகவிடவில்லை, காசையும் கொட்டவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த ஸ்கூல் வேன் யாரு? கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

கூப்பிட்டவர் ஜூட்சன். அந்த இடத்துக்கே மூத்த மெக்கானிக்; எல்லோருக்கும் பாஸ். நரைத்த மீசை, முழங்கை வரை கறுப்பு. வேனின் முன் வீல்கள் இரண்டும் கழன்று தரையில் கிடந்தன. பக்கத்தில் ஒரு ஆட்டோவுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரன் நல்லமுத்து அவர்களுடைய தோட்டத்துக்காரன்தான். அவன் மகளும் ஜீவராணியின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவன் தலையை ஆட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஜூட்சன் சிரிக்கவில்லை. என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஒயில் போத்தலின் மூடியை எடுத்து அவளிடம் நீட்டினார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறிய கடலைபோல் உப்பி, மூடியை விட்டு வெளியே பிதுங்கி நின்றது.

"தங்கச்சி, இது இப்படி இருக்கக்கூடாது. உள்ள இருக்கிறது பிரேக் ஒயிலே இல்ல. மெசின் எண்ணெய் கலந்திருக்கு. மணந்து பாருங்க."

அவள் மணந்து பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. அந்த மணம் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கிற மணம். மாமனாரின் பழைய வேலைச் சட்டைகளில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் போத்தலில், அவருடைய விரல் இடுக்குகளில்.

"அதனால என்ன பாஸ் ஆகும்?"

"பிரேக்கு முழுக்க ரப்பர்தான் வேல செய்யுது. இந்த எண்ணெய் பட்டா ரப்பர் ஊதும். ஊதினா, அமுக்கின பிரேக்கு திரும்பி வராது. வீலப் புடிச்சுக்கிட்டே இருக்கும். உங்க இடது வீல் அப்படித்தான் புடிச்சிருக்கு. இழுக்குதுன்னு அலைன்மெண்ட் எழுதியிருக்கீங்க. அது அலைன்மெண்ட் இல்ல, இதுதான்." அவர் துணியில் கையைத் துடைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் போனா, ஒரு தடவ அமுக்குவீங்க. கால் அடிவரைக்கும் போகும். வண்டி நிக்காது."

ஊத்துமலையிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் அந்த வளைவு ஜீவராணியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் தேயிலை, அதற்குக் கீழே ஆறு. பதினாறு பிள்ளைகள். அதில் ஒன்று அவளுடையது.

"யாரு இத ஊத்தினது?" என்றார் ஜூட்சன்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் சத்தமாகக் கேட்டார். ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்த பையன்களும் நல்லமுத்துவும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜீவராணியும் திரும்பிப் பார்த்தாள். பொன்னையா மூன்றடி தள்ளி நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவருடைய உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. முப்பத்தோரு வருடம் மெசினோடு வாழ்ந்த மனிதர், நாலு பேர் முன்னால், அதுவும் மெசின் விஷயத்தில், இப்படி நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் பாஸ்" என்றாள். "லைட் எரிஞ்சிச்சு. வீட்டுல இருந்த எண்ணெய ஊத்திட்டேன்."

ஜூட்சன் பெருமூச்சு விட்டார். "ஓட்டுற ஆளுக்கு இது தெரிஞ்சிருக்கணும் தங்கச்சி. ஸ்கூல் புள்ளைங்க ஏறுற வண்டி." பிறகு கழன்று கிடந்த பிரேக் கட்டைகளைக் காலால் திருப்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். எறக்கத்துல எந்தக் கியர்ல வருவீங்க?"

"ரெண்டுல."

"அதானே பார்த்தேன். நியூட்ரல்ல விட்டுக்கிட்டு பிரேக்கையே மிதிக்கிற ஆளா இருந்திருந்தா, போன வாரமே இந்த வண்டி கீழ கெடந்திருக்கும்."

இந்தப் பின்பாதியை நல்லமுத்து கேட்கவில்லை. அதற்குள் அவன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்திருந்தான். முன்பாதியை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"இப்ப என்ன செய்யணும்?"

"அந்த அஞ்சாவது வேலைன்னு நெனைக்காதீங்க, இது அத விடப் பெருசு. உள்ள இருக்கிற ரப்பர் எல்லாம் மாத்தணும், பைப்பெல்லாம் கழுவணும், அதுக்கப்புறம் புது ஒயில். இதுல விருப்பம், விருப்பமில்லன்னு ஒண்ணு கெடையாது. செய்யாம நான் இந்த வண்டிய வெளிய விடமாட்டேன்."

"செய்யுங்க" என்றாள் ஜீவராணி. அலைன்மெண்டை வெட்டச் சொன்னாள். வேண்டும் என்று சொன்னது தேவையில்லாததாகவும், வேண்டாம் என்று சொன்னது உயிர் போகிற விஷயமாகவும் போய்விட்டன. கொஞ்சநேரத்துக்கு முன் மெச்சிக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

வேலை முடிய மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. மத்தியானம் அவள் பக்கத்துக் கடையில் இரண்டு ரோல்சும் பிளேன்டீயும் வாங்கிவந்தாள். பொன்னையா டீயை மட்டும் குடித்தார். ஜூட்சன் புது ரப்பர்களையும் கழற்றிய பழையவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொன்னையா எட்டி நின்றார்.

உண்மையைச் சொன்னால் ஜீவராணிக்குக் கோபம்தான். அவர் ஊற்றியதற்காக இல்லை, அதில் அவளுக்கும் பங்கு உண்டு. எந்த எண்ணெய் என்று அவள்தான் கேட்கவில்லையே. கோபம், அவர் சும்மா நின்றதற்கு. "நான்தான்" என்று அவள் சொன்ன பிறகாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். அவள் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய்.

திரும்பும் வழியில் புது பிரேக் காலடியில் கெட்டியாக நின்றது. தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் பொன்னையா அன்று காலைக்குப் பிறகு முதல்தடவையாகப் பேசினார்.

"இங்க நிப்பாட்டும்மா. நான் நடந்து வாறேன்."

"மழ வர்ற மாதிரி இருக்கு மாமா."

"பரவாயில்ல."

அவர் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறினார். தன்னோடு உட்கார்ந்து வரவே அவருக்கு வெட்கமாக இருக்கிறது என்று நினைத்தபோது, அவளுடைய கோபம் பாதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து வேனை நிறுத்திப் போனைத் திறந்தாள். பெற்றோர் குழுவில் முப்பதுக்கும் மேல் செய்திகள். முதலில் இருந்தது நல்லமுத்துவின் குரல். கெட்ட எண்ணத்தோடு சொன்னதுபோலத் தெரியவில்லை. பயந்துபோய்த்தான் சொல்லியிருந்தான். "நம்ம ஜீவராணி பிரேக்குக்கு மெசின் எண்ணெய ஊத்தியிருக்கு. அதுவே ஒத்துக்கிச்சு. நான் என் காதால கேட்டேன். புள்ளைங்க தப்பிச்சது சாமி புண்ணியம்."

அதற்குக் கீழே கேள்விகள். உண்மையா? எத்தனை நாளாக? திங்கட்கிழமை என்ன செய்வது? வேறு வேன் பார்ப்போமா? நாலைந்து செய்திக்குக் கீழே, பிள்ளையே இல்லாத செல்லசாமியை யாரோ குழுவில் சேர்த்திருந்தார்கள். அவன் கும்பிடும் கைப் படம் ஒன்று போட்டு, "திங்கட்கிழமை நான் ரெடி" என்று எழுதியிருந்தான்.

ஜீவராணி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. எழுத்தில் பதில் போட்டு இது அடங்கப்போவதில்லை. நேரே போய்ப் பேசவேண்டும். மணி நாலரை. இந்த நேரத்தில் தாய்மார்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், தேயிலை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில். கடைசிக் கொழுந்தை நிறுக்க வந்திருப்பார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

என்ன சொல்வது? பிரேக்கைச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லலாம். இனி இப்படி நடக்காது என்று சொல்லலாம். நான்தான் ஊற்றினேன் என்பதை இன்னொரு தடவை, இந்தத் தடவை தோட்டம் முழுவதற்கும் சொல்லவேண்டும். அதை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் செல்லசாமிக்கு அது போதும். அவள் நடையின் வேகம் குறைந்தது.

மடுவத்தை நெருங்கியபோது வரிசை நகரவில்லை என்பதைக் கண்டாள். கொழுந்து மூட்டைகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளைகூடப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். தராசுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் சுவெட்டருமாகப் பொன்னையா நின்றார்.

"...அந்த எண்ணெய ஊத்தினது நான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ரோலருக்கு ஊத்துற எண்ணெய். கொறஞ்சா நெரப்பணும். முப்பத்தோரு வருஷமா எனக்குத் தெரிஞ்ச வேல அதான். பிரேக்குக்கு வேற எண்ணெயின்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு யாருகிட்டயும் கேக்கவும் மாட்டேன், அது என் கொணம்."

கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார்.

"கராஜுல அந்தப் பாஸ் யாருன்னு கேட்டாரு. என் வாய் தொறக்கல. வெக்கம். மருமக, தான் ஊத்தினதா சொல்லி ஏத்துக்கிச்சு. நான் அதையும் பார்த்துக்கிட்டு நின்னேன். எண்ணெய ஊத்தினது தெரியாம செஞ்சது. சும்மா நின்னது தெரிஞ்சே செஞ்சது." அவர் குரல் இறங்கியது. "மருமக ரெண்டாங் கியர்ல வண்டிய எறக்கினதாலதான் இம்புட்டு நாள் ஒண்ணும் ஆகல. பாஸ் சொன்னாரு. அதையும் நல்லமுத்து உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான். உங்க புள்ளைங்கள அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். ஆனா அதுக்கு ஓட்டத் தெரியாதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."

ஜீவராணிக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள்.

முதலில் பேசியவள் காளியாயி. அவளுடைய இரண்டு பிள்ளைகள் வேனில் வருகின்றன. அந்த மலையில் பத்துப் பேர் பேசுகிற இடத்தில் அவள் ஒருத்தி பேசினால் போதும்.

"பிரேக்கு இப்ப சரியா?"

"சரி. பழைய ரப்பர் எல்லாம் எடுத்துட்டு புதுசு போட்டாங்க. நான் கூட இருந்து பார்த்தேன்" என்றாள் ஜீவராணி.

"மாமா செஞ்சது புரியுது. வயசானவரு, தெரியாம செஞ்சிட்டாரு, இங்க வந்து ஒத்துக்கவும் செஞ்சிட்டாரு." காளியாயி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறினாள். "நீ செஞ்சதுதான் எனக்கு வெளங்கல."

"நான் என்னக்கா செஞ்சேன்?"

"பொய் சொன்ன. மாமன் மானம் போயிரக்கூடாதுன்னு சொன்ன, சரி. நாளைக்கி வண்டில என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, அப்ப யாரு மானத்தக் காப்பாத்த என்கிட்ட பொய் சொல்லுவ?"

அடித்ததுபோல் இருந்தது. நல்லதுதான் செய்தோம் என்று நாள் முழுக்க நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை, காளியாயி ஒரே வாக்கில் தூக்கி வெளியே போட்டுவிட்டாள். காளியாயி சொல்வது நியாயம்.

"சொல்லமாட்டேன்க்கா" என்றாள். "இனிமே யாருக்காகவும் சொல்லமாட்டேன்."

காளியாயி மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள். "என் புள்ளைங்க திங்கக்கெழம வரும். மத்தவங்க புள்ளைங்களப் பத்தி மத்தவங்க சொல்லட்டும்."

மற்றவர்கள் சொல்லவில்லை. ஒருத்தி முந்தானையைத் திருகினாள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரிசை மெல்ல நகரத் தொடங்கியது.

அப்போது ஜீவராணியின் போன் அடித்தது. கட்டாரிலிருந்து.

"என்ன ஜீவா கேள்விப்படுறேன்?" யோகேஸ்வரனின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "செல்லசாமி அண்ணன் எல்லாத்தையும் அனுப்பியிருக்கு. அப்பா எங்க? அப்பாகிட்ட குடு."

பொன்னையா கையை நீட்டினார். மகனிடம் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார் போலும். ஜீவராணி போனைக் கொடுக்கவில்லை.

"அப்பா பக்கத்துலதான் இருக்காரு. அவரு சொல்லவேண்டியத அவரு சொல்லுவாரு. மொதல்ல நான் பேசுறேங்க, முழுசா கேளுங்க." அவள் மூச்சை இழுத்தாள். தராசடியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும் என்று தெரிந்தும் குரலைத் தணிக்கவில்லை. "எண்ணெய ஊத்தினது மாமா. ஆனா இன்னிக்கு காலையில, பிரேக் ஒயில மாத்தவான்னு கேட்டப்ப, வேணாம்னு சொன்னது நான். ஏன் தெரியுமா? மாமா மனசு நோகும்னு. பதினாறு புள்ளைங்க ஏறுற வண்டில, ஒரு ஆள் மொகம் சுருங்கக்கூடாதுன்னு வேணாம்னு சொல்லிட்டேன். அந்தப் பாஸ் மூடியத் தொறந்து பார்க்காட்டி அப்படியே ஓட்டிக்கிட்டு வந்திருப்பேன். அது என் தப்பு. இனி அந்த வண்டிக்கு என்ன வேணும், என்ன வேணாம்னு யாரு மொகத்தையும் பார்த்துச் சொல்லமாட்டேன். மாமா மொகத்தையும் பார்க்கமாட்டேன், உங்க மொகத்தையும் பார்க்கமாட்டேன்."

பொன்னையாவின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. அவர் தலையை ஆட்டினார். மறுப்பதற்கு ஆட்டவில்லை.

கட்டாரில் வண்டிகள் போகும் இரைச்சல் கேட்டது.

"ஜீவா" என்றான் யோகேஸ்வரன். "இத நீ ஒரு மணிநேரம் முந்தி சொல்லியிருக்கக்கூடாதா? நான் செல்லசாமி அண்ணன்கிட்ட சரின்னு வாக்கு குடுத்துட்டேன். சாவிய வாங்க வந்துக்கிட்டு இருக்கு."

ஜீவராணி நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். கீழ் வளைவில் செல்லசாமியை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ வருவது தெரிந்தது.

"வரட்டும். சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள்.